ஏரிக்குக் கொடுத்த சாவி

ஆணியில் மாட்டியிருந்த சாவி ஈரமாக இருந்தது.

துளசிராமன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மழை கண்டு பல நாளாயிற்று. கொட்டகையின் தகரக் கூரை பகலெல்லாம் வெந்து, அந்தி இறங்கும் இவ்வேளையிலும் அனல் தணியாமல் கிடந்தது. சுவரில் கசிவில்லை, அருகில் குடமில்லை, குழாயில்லை. ஆயினும் சென்ற வாரம் அவன் புதிதாகச் செய்து வாங்கிய அந்தப் பித்தளைச் சாவியின் பற்களுக்கிடையே ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு நாவில் வைத்தான். உப்பு. வெறும் உப்பன்று, கழிச்சேறும் அழுகிய பாசியும் கலந்த, பிறந்தது முதல் அவன் அறிந்த, அறிந்து வெறுத்த பழவேற்காட்டு ஏரியின் உப்பு.

அச்சம் வருவதற்கு முன்பே சினம் வந்துவிட்டது. அவனுக்கு எப்போதும் அப்படித்தான்.

"பானு! சாவிய யாரு தொட்டது?"

சமையற்கட்டிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உன் சாவிய யாருய்யா தொடப்போறா? என் கம்மல வித்து அந்த வண்டிக்கு சாமான் வாங்கிப் போட்ட. நான் காதுல வேப்பங்குச்சி சொருவிகினு திரியறேன். அதுகூடவே படுத்துக்க, போ."

அவன் சாவியை வேட்டியில் துடைத்தான். துடைத்த இடத்தில் மீண்டும் துளிர்த்தது.

கொட்டகையின் நடுவே புல்லட் நின்றது. அது அவன் தகப்பனின் வண்டி. ஏரியில் வலை வீசிய அந்த மனிதர், இறால் கூடைகளைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு அதில்தான் போவார். திரும்பி வந்ததும் மூத்தவன் துளசிராமனிடம் வாளியையும் கந்தைத்துணியையும் நீட்டுவார். "தேய்டா" என்ற ஒரே சொல்தான். மீன்நீர் வழிந்த ஒவ்வோர் ஆரக்காலையும், ஒவ்வொரு திருகையும் அவன் தேய்த்துக் கழுவுவான். நகக்கண்ணில் உப்பேறி எரியும். கழுவி முடித்தபின் சவாரி. அப்போது இளையவன் அன்புராஜைப் பெட்ரோல் டேங்கின்மேல் தூக்கி உட்கார்த்தி, அந்தச் சிறு கைகளைக் கைப்பிடியின்மேல் வைத்துவிடுவார். மூத்தவனுக்குப் பின்னிருக்கை. "கெட்டியா புட்ச்சிக்கோ" என்பார். காற்று முழுவதும் முன்னால் இருப்பவர்களுக்கு. அவனுக்குத் தகப்பனின் முதுகு.

உயிர் பிரியும்போதும் அந்த மனிதர் தலையணைக்கடியில் துழாவிச் சாவியை எடுத்தார். நீட்டியிருந்த மூத்தவன் கையைத் தாண்டி இளையவன் கையில் வைத்தார்.

சென்ற ஆடியில், எளாவூர்ச் சோதனைச்சாவடிக்கு அருகே வரிசைகட்டி நின்ற லாரிகளில் ஒன்றின் அடியில் அந்த வண்டி சறுக்கிப் புகுந்தது. அன்புராஜ் அங்கேயே இறந்தான்.

அவர்கள் குப்பத்தில் ஒரு முறை இருந்தது. படகோட்டி இறந்தால் அவன் ஊன்றிய கோலைச் சாம்பலோடு ஏரியில் விடுவார்கள்; பிறகு படகை உடைத்து எரிப்பார்கள். கோல் முன்னே போகும், படகு பின்னே போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. ஆலைகள் வந்து மக்கள் வண்டியேறிப் பிழைக்கத் தொடங்கியபின், கோலின் இடத்தில் சாவி வந்தது. எரிப்பதன் இடத்தில் கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்கும் உலை வந்தது. அன்புராஜின் சாம்பலை ஏரியில் கரைத்த அன்று, அவன் மனைவி கன்னியம்மா சாவியில் மஞ்சள் நூல் சுற்றி நீரில் விட்டாள். அதே படகில் உட்கார்ந்திருந்த துளசிராமன், அந்தச் சாவி இரண்டாம் முறையும் தன்னைத் தாண்டிப் போவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான்.

வண்டியை உலைக்கு அனுப்ப அவன் மறுத்துவிட்டான்.

"சாவி குடுத்தாச்சு மாமா," என்றாள் கன்னியம்மா. "வண்டியும் குடுத்துடுங்க. இல்லனா அவரு சாவிய வச்சிகினு கரையிலயே நிப்பாரு."

"நிக்கட்டும். நான் எத்தினி வருசம் வாளிய வச்சிகினு நின்னேன்? எங்க நைனா வண்டி அது. இனிமே முன்னால நான்தான் குந்துவேன். ஆயுத பூஜை அன்னிக்கு ஊரே பாக்கட்டும்."

அன்று தொடங்கியது அந்தப் போர். கம்பி உருட்டும் ஆலையில் அவன் ஃபிட்டர்; பகலெல்லாம் செந்தழலாய் ஓடும் இரும்போடு மல்லாடிவிட்டு வந்து, அந்தியில் இந்தக் குளிர்ந்த இரும்போடு மல்லாடினான். முன்சக்கரத்தைத் தாங்கும் வளைந்த கவையை நிமிர்த்தினான். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்து இஞ்சினுக்குக் கிராங்க் வாங்கினான். அசல் என்று சத்தியம் செய்து விற்றார்கள், போலி. மறுபடி அலைந்தான். பொதட்டூர்பேட்டையில் ஒரு வீட்டுக் கோழிக்கூண்டின்மேல் கவிழ்த்திருந்த, விளக்குப் பதிக்கும் ஹெட்லைட் மண்டையைக் கெஞ்சி வாங்கிவந்தான். சீட்டுப் பணம் போயிற்று, கம்மல் போயிற்று, மகள் தேவதர்ஷினியின் கல்லூரிக்கென்று ஒதுக்கியதும் போயிற்று. போன ஒவ்வொன்றுக்கும் அவன் செத்த தம்பியை வைதான்.

வண்டியோ உப்பைக் கக்கியது. மாலையில் பளபளக்கத் தேய்த்துவைத்த குரோமியத்தின்மேல் காலையில் வெண்பூ பூத்திருக்கும். அவன் தேய்ப்பான். அது பூக்கும். வண்ணம் பூசிய டேங்கு உள்ளிருந்து கொப்புளித்தது. சுரண்டினான், பூசினான், மீண்டும் கொப்புளித்தது. தேய்க்கத் தேய்க்கச் சினம் ஏறியது; சினம் ஏற ஏறத் தேய்த்தான்.

பூஜைக்கு முந்தின நாள், நெடுஞ்சாலையோரம் பழைய புல்லட்டுகளைச் சரிசெய்யும் ஸ்டீவன் வந்து கார்ப்புரேட்டரைக் கழற்றினான். பெட்ரோல் தேங்கும் அதன் அடிக்கிண்ணத்தைத் திறந்தவன் சிரித்தான்.

"இன்னாண்ணா இது, கார்ப்புரேட்டரா, மீன் தொட்டியா?"

உள்ளே பெட்ரோல் இல்லை. சாம்பல் நிறத்தில் கலங்கல் நீர். அதற்குள் நகத்தளவே உள்ள ஓர் இறால், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலோடு, மீசையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது.

உயிரோடு.

ஸ்டீவனின் சிரிப்பு நின்றது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உருக்கிடுண்ணா."

"உனுக்கு வேலை தெர்ல, அத்தச் சொல்லு."

"தெர்ல, சரி. ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த இஞ்சின்ல நான் செய்யவேண்டியது ஒண்ணுமே பாக்கியில்ல. எல்லாம் கரெக்டா கீது. அப்பவும் ஸ்டார்ட் ஆவல. யாருக்கோ காத்துகினு கீது போல. பேஜாருண்ணா, வேணாம்."

பைக்குள் ஸ்பேனர்களை அள்ளிப்போட்டுக்கொண்டு, கூலி கேளாமலே போய்விட்டான். துளசிராமன் கிண்ணத்து நீரைத் தரையில் கொட்டி, துடித்த அந்தச் சிற்றுயிரைக் கட்டைவிரலால் நசுக்கினான்.

ஆயுத பூஜையன்று ஆலைகள் ஓய்ந்தன. ஆண்டு முழுதும் இரவும் பகலும் உருண்டு முழங்கும் அந்த இரும்பொலி, காதுக்குப் பழகிப் பழகி இல்லாததுபோல் ஆகிவிட்ட அந்த ஓசை, அன்று ஒருநாள் அடங்கும்; அடங்கும்போதுதான் அது இருந்தது தெரியும். மாலைப் பொழுது மயங்கியது. சாம்பிராணிப் புகையும் நசுங்கிய எலுமிச்சையின் புளிமணமும் தெருவில் மிதந்தன. பானு விடிந்ததுமே மகளை அழைத்துக்கொண்டு தாய்வீடு போயிருந்தாள். வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை.

அவன் வண்டியின் நெற்றியில் திருநீறு பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்தான். கைப்பிடியில் வாழைக்கன்று கட்டினான். முன்சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தான். கன்னியம்மா வாயிலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மாமா, காலையில ஏரிக்கரைக்குப் போனேன்."

"எதுக்கு?"

"தினம் போவேன். தினமும் சேத்துல அவரு கால்தடம் இருக்கும். நின்ன எடத்துலயே மெதிச்சி மெதிச்சி." அவள் குரல் இறங்கியது. "இன்னிக்கு அது அங்க இல்ல மாமா. கரையேறிப் போயிருக்கு."

"போடி உன் ஊட்டுக்கு!"

அவள் போனாள். அவன் நெஞ்சு படபடத்தது. அதைச் சினம் என்றே எண்ணிக்கொண்டான்.

புதுச் சாவியைத் துளையில் நுழைத்துத் திருகினான். வாழ்நாளில் முதன்முறையாக அந்த வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்தான். உதைத்தான். இஞ்சின் இருமியது. மறுபடி உதைத்தான். மறுபடி. உதைக்கோல் எகிறித் திரும்பி முழங்காலுக்குக் கீழே எலும்பில் அறைந்தது. வலியில் கத்தியபடி இறங்கினான். சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, பெட்ரோல் குழாயைப் பார்க்கக் குனிந்தான்.

குனிந்தவன் அப்படியே நின்றான்.

சிமெண்டுத் தரையில் ஈரம். பாதம். வாயிலிலிருந்து ஒரு வரிசை, வெறுங்கால், சேறு படிந்த விரல்கள் ஐந்தும் தெளிவாக. வண்டிவரை வந்தவை. திரும்பிப் போனவை இல்லை.

தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. ஆலைகளின் மௌனம் காதில் அழுந்தியது. அந்த மௌனத்துக்குள், அவன் தலைக்குமேல், மெல்லிய ஓர் ஒலி.

உலோகத்தில் உலோகம் நுழையும் ஒலி.

சட்டைப்பையைத் தொட்டான். சாவி அங்கே இருந்தது. மெல்ல நிமிர்ந்தான். ஹெட்லைட் மண்டையின் சாவித்துளையில் வேறொரு சாவி. பச்சைப் பாசி. சுற்றிய மஞ்சள் நூல். நூலின் நுனியில் நீர் சொட்டியது.

அது திரும்பியது.

பக்கத்திலிருந்த ஆம்பியர் மீட்டரின் முள் துடித்தது. உதைக்க ஏற்றபடி நடுவுக்கு வந்தது. நின்றது.

இருக்கையின் சுருள்வில்கள் அழுந்தின. உப்பு நாற்றம். உதைக்கோல் தானே இறங்கியது. ஒரே உதை.

டப். டப். டப். டப்.

எத்தனை இனிய ஓசை! அவன் தேய்த்த, அவன் பொருத்திய, அவன் வீட்டையே வழித்தெடுத்து ஊட்டிய இஞ்சின், ஒரு பிசிறின்றித் தாளம் தவறாமல் முழங்கியது. எல்லாம் ஆயத்தம். இத்தனை மாதம் யாருக்காக? இந்த முறையும் யாருக்காகக் கழுவி வைத்தான்?

அச்சம் அவனைப் பின்னால் இழுத்தது. ஓடியிருக்கலாம். வாயில் திறந்தே இருந்தது. ஆனால் அடிவயிற்றிலிருந்து, ஐம்பது வயதின் சினம் முழுவதும் எழுந்து வந்தது.

"எறங்குடா! எறங்குடா, இது என் வண்டி!"

பின்னிருக்கையில் தாவி ஏறினான். வெறுமையாய்த் தெரிந்த முன்னிடத்தை இரு கையாலும் பற்றிக் கீழே தள்ளப் பாய்ந்தான். கைகளில் தட்டுப்பட்டது ஈரச் சட்டை. சட்டைக்குள் தோள். தோளில் குளிர்.

தள்ளமுடியவில்லை. கையை எடுக்கவும் முடியவில்லை. விரல்கள் ஒட்டிக்கொண்டன.

"கெட்டியா புட்ச்சிக்கோண்ணா."

எலுமிச்சை நசுங்கியது. வண்டி புறப்பட்டது.

தெரு நெடுக மாலையிட்ட வண்டிகள். வாசல்களில் மக்கள். அவன் கதறினான், இஞ்சினின் முழக்கம் அதை விழுங்கியது. பார்த்தவர்கள் சிரித்துக் கையசைத்தார்கள், முன்னிருக்கையை நோக்கி. ஒருவரும் பின்னால் பார்க்கவில்லை. தெருமுனையில் கன்னியம்மா நின்றாள். கைகூப்பினாள். அவளும் முன்னால்தான் பார்த்தாள்.

ஓய்ந்த ஆலைகள் பின்னே போயின. புகைபோக்கிகள் போயின. உப்புக்காற்று வந்தது, அவனுக்கு அல்ல, முன்னால் இருப்பவனுக்கு. அவன் முகத்துக்கெதிரே அகன்ற முதுகு. ஈர முதுகு. ஏரிக்கரைப் பாதை. நாணல். சேறு. வேகம் குறையவில்லை.

நீர்.

முழங்கால். இடுப்பு. வாய்.

விளக்கு அணையவில்லை. கலங்கிய நீருக்குள் அந்த மஞ்சள் ஒளி நீண்டு விரிந்தது. அடிச்சேற்றில் படகுக் கோல்கள் நட்டுநின்றன. வரிசை வரிசையாய், குப்பத்தில் செத்தவர் அத்தனை பேருடைய கோல்களும். அவற்றினூடே வண்டி சென்று நின்றது. முன்னால் இருந்தவன் இறங்கினான். பெருமையோடு டேங்கைத் தட்டினான்.

அப்போதுதான் துளசிராமனின் விரல்கள் விடுபட்டன.

கோல்களின் நிழலிலிருந்து தகப்பன் வந்தார். கண்ணிருந்த இடத்தில் சிப்பிகள் திறந்து மூடின. ஒரு கையில் வாளி. மறுகையில் கந்தைத்துணி. இரண்டையும் மூத்தவனிடம் நீட்டினார்.

அவன் கைகள், அவனைக் கேளாமலே, அவற்றை வாங்கிக்கொண்டன.