சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு சாட்சி

"ஐயையோ...!"

அலறல் அந்தத் தாராவி தோல் பட்டறையையே உலுக்கியது.

1964. ஜூலை மாதத்து மழைக் காலை, மணி ஏழு.

சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல்களை வெளியே இழுத்தார்கள். ஒரு தோலோடு ஒரு மனிதக் கையும் வந்தது!

வெயிலுமுத்து!

தொட்டியில் இறங்கி வேலை செய்பவன். இன்று பதினோரு மணிக்கு, ஜெனீவாவிலிருந்து வந்திருக்கும் டாக்டர் ஹெல்காவிடம் சாட்சி சொல்ல வேண்டியவன்.

ஜெனீவாவின் தொழிலாளர் அமைப்பும் இந்திய சர்க்காரும் சேர்ந்து நடத்தும் விசாரணை. பட்டறைக்காரர்கள் ஆட்களை மனிதர்களாக நடத்துகிறார்களா என்று பார்க்க வந்தார்கள். வாயைத் திறக்கச் சம்மதித்தது இவன் ஒருவன்தான். மற்ற முப்பது பேருக்கும் வாய் இருந்தது. வயிறும் இருந்ததே!

ஒன்பது மணிக்குப் பட்டறை ஆபீஸில் சப்-இன்ஸ்பெக்டர் ஞானராஜ் உட்கார்ந்திருந்தார். எதிரே டாக்டர் ஹெல்கா, முதலாளி தங்கபாண்டி, வெயிலுமுத்துவின் மனைவி அன்னத்தாய்... அப்புறம் வெங்கடராமன். சர்க்காரின் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி. வசதியான மாதுங்காவாசி. சட்டையில் ஒரு கசங்கல் கிடையாது.

"குடிச்சுட்டு விழுந்திருக்கான் சார். வேறென்ன?" என்றார் வெங்கடராமன்.

"எம் புருசன் குடிக்க மாட்டாவ!" அன்னத்தாய் சீறினாள். "சாட்சி சொல்ல வேண்டாம்னு கால்ல விழுந்தேன் ஐயா. 'நான் சொன்னாத்தான் மத்தவனுக்கு ஒரு கையுறையாவது கிடைக்கும்'னாவ..."

"சாட்சியா? அதான் வாபஸ் வாங்கிண்டுட்டானே!"

வெங்கடராமன் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நேத்து சாயங்காலம் என் முன்னாடி கைநாட்டு வெச்சான். படிச்சுப் பாருங்கோ."

ஞானராஜ் உரக்கப் படித்தார்.

"பட்டறையில் ஒரு குறையும் இல்லை. நான் முன்பு சொன்னதெல்லாம் பொய்..."

கீழே நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. சாட்சிக் கையெழுத்து, வெங்கடராமன்.

"விசாரணை முடிஞ்சுது. டாக்டரம்மா மத்தியான பிளேன்லயே கிளம்பலாம்!"

அவ்வளவுதான்! வெயிலுமுத்து பொய்யன், குடிகாரன். நாளைக்கு அதே தொட்டியில் இன்னொருவன் வெறுங்காலோடு இறங்குவான். என்ன அநியாயம்!

"அதை இங்கிட்டுக் காட்டுங்க ஐயா..."

"உனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?" என்றார் ஞானராஜ்.

"எழுத்து தெரியாது. எம் புருசன் விரலு தெரியாதா?"

அன்னத்தாய் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது அவிய வச்சது இல்ல!"

"எப்படிச் சொல்லுத?"

"கோடு கோடாத் தெரியுதே! அவியளுக்கு ரேகையே கிடையாதுய்யா! பத்து வருசமாச் சுண்ணாம்பு தின்ன விரலு. ரேஷன் கார்டுக்கு வச்சப்ப வெறும் மைப்பொட்டுதான் விழுந்துச்சு. 'ஒழுங்கா வையி'ன்னு நாலு தடவ விரட்டுனாவ!"

ஞானராஜ் அதை ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் ஹெல்கா விருட்டென்று ஃபைலைத் திறந்தாள். போன வருஷம் இதே பட்டறையில் அவள் எடுத்த கைப் பதிவுகள். முப்பத்தொரு பேர். எல்லாமே வெறும் பொட்டுகள்!

ஞானராஜ் முதலாளி பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி! விரலை நீட்டும்!"

தங்கபாண்டி நீட்டினான். வழுவழுவென்று இருந்தது.

"நானும் இதே தொட்டியில பன்னெண்டு வருசம் கிடந்தவன்தான் சார்."

வெந்த விரலோடு முதலாளியானவன். இன்னொருவன் விரல் வேகும்போது பார்த்துக்கொண்டிருந்தான். பாவி!

"அப்ப காகிதத்தைப் பாத்ததுமே உமக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தங்கபாண்டி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான்.

"ரேகை விழுற விரலு மிச்சம் யாருக்கு...?"

வெங்கடராமனின் வலது கை மெல்ல மெல்லப் பேண்ட் பாக்கெட்டுக்குள் நுழைந்தது!

ஞானராஜ் பாய்ந்து அதை வெளியே இழுத்தார். பெருவிரலின் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. காகிதத்து ரேகையிலும் குறுக்கே அதே கோடு!

"சொல்லும்!"

"அவன்... டாக்டரம்மாகிட்ட என் பேரைச் சொல்றதா இருந்தான். மூணு வருஷமா பட்டறைக்குள்ள காலே வெக்காம 'எல்லாம் சரி'ன்னு சர்டிபிகேட் குடுத்ததை... என் வேலை போயிடும் சார்! கெஞ்சினேன். கேக்கலை. தள்ளிட்டேன்."

"எப்ப உள்ள வந்தீரு?"

"நேத்துதான்... முதல் தடவையா..."

"முதல் தடவை வந்ததே கொல்லவா? அடப்பாவி! டாக்டரம்மாவோட இந்த ரேகை ரிப்போர்ட் போன வருஷமே உம்ம மேஜைக்கு வந்ததா ஃபைல்ல இருக்கே?"

"பிரிச்சுப் பாக்கலை..."

டாக்டர் ஹெல்கா பிளேன் டிக்கெட்டை ஃபைலுக்குள் செருகி மூடினாள். அன்னத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்னத்தாய் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து இன்னொரு தொட்டித் தொழிலாளி கரீம் பாட்சா முன்னால் வந்தான்.

"பதினோரு மணிக்கு நான் சொல்லுதேன் சார், சாட்சி."

விலங்கு மாட்டியபோது வெங்கடராமனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"நேக்கு ஆஸ்துமா சார்... லாக்கப்புல காத்து, வெளிச்சமெல்லாம் சரியா இருக்குமா?"

ஞானராஜ் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"உள்ள போயி, உக்காந்து, நல்லாப் பாத்துட்டு நீங்களே சர்டிபிகேட் குடுங்க சார்... எத்தனை வருஷம் வேணும்னாலும் எடுத்துக்கலாம்!"