ரேணுகா சொல்லாத வார்த்தை

ரேணுகா வாசிப்பதை நிறுத்திய பிறகும் திரையில் ஒரு வார்த்தை கூடுதலாக விழுந்தது.

'இன்னா.'

அவள் அதைச் சொல்லவில்லை. அவள் வாயில் அந்த வார்த்தை வருவதே இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக்காரப் பெற்றோரிடம் வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் கணவன் கௌதமின் அம்பத்தூர்ப் பேச்சு அவளிடம் ஒட்டவில்லை.

கம்ப்யூட்டர் அன்று காலையில்தான் வந்திருந்தது. முகப்பேரில் இந்த ஹவுசிங் போர்டு வீட்டுக்கு அவர்கள் வாடகைக்கு வந்ததும் அந்த மாதம்தான். கௌதம் ஒயர்களையெல்லாம் சொருகிக் கொடுத்துவிட்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தான். ஆடியோவைக் கேட்டு டைப் செய்து அனுப்பும் வேலை ஒன்று ரேணுகாவுக்குக் கிடைத்திருந்தது. கவிப்பிரியா பிறந்து, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி வேலையை விட்ட பிறகு தனக்கென்று வரப்போகிற முதல் வேலை. திங்கட்கிழமை தொடங்க வேண்டும். நாம் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும் வசதி இந்த மெஷினில் இருந்தது. அதற்கு முதலில் நம் குரல் பழக வேண்டுமாம். திரையில் வரும் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டச் சொன்னது.

விழுந்த வார்த்தையை அழித்துவிட்டு அவள் காது கொடுத்துக் கேட்டாள். மதியத்திலிருந்து விடாமல் பெய்த மழை ஜன்னல் தகரத்தில் ஒரே சுருதியில் அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்கு முன்பே ஹால் இருட்டிவிட்டது. பிரித்துப் போட்ட தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனைக்கு அடியில், சுவரின் ஈரம் போலவும் நாள்பட மூடிக் கிடந்த பெட்டிக்குள்ளிருந்து வருவது போலவும் வேறொரு வாடை, வந்து வந்து போனது. பெட்ரூமில் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வேறு சத்தமில்லை.

அடுத்த வரியை வாசித்தாள். 'இன்று வானம் தெளிவாக இருக்கிறது.' எழுத்துகள் அவள் குரலுக்குப் பின்னாலேயே ஓடிவந்து நின்றன. அவள் வாயை மூடினாள். கர்சர் துடித்தது. பிறகு நகர்ந்தது.

'கம்முனு இரு.'

கை மவுசிலிருந்து தானாக விலகியது. இது கௌதமின் விளையாட்டாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் போன் நம்பரைப் போட்டுத்தானே கணக்குத் திறந்திருக்கிறான். உடனே அவனை அழைத்தாள். பின்னால் பிரஸ் மெஷின்கள் தடதடக்க, அவன் கத்திப் பேசினான்.

"என்னங்க, இதுல நான் சொல்லாததெல்லாம் விழுது. நீங்க எதாவது பண்றீங்களா?"

"நான் மெஷினாண்ட நின்னுகினு கீறேன், நான் எங்க பண்றது? பக்கத்து ஊட்டு டிவி சத்தத்த புடிச்சிருக்கும். மைக் ஒயர புடுங்கி வுடு. வந்து பாத்துக்கறேன்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் பூந்தமல்லியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். காலையில் பூட்டிச் சாவியை இவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைச் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் போனில் பேசியதெல்லாம் பிசகாமல் விழுந்திருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி.

'கத்தாத. அது கேட்டுகினு கீது.'

மைக் வைத்த ஹெட்போனின் ஒயரைப் பிடித்து இழுத்தாள். அது கழன்று மடியில் விழுந்தது. மைக் இல்லை என்று ஓரத்தில் ஒரு சிறு கட்டம் வந்து மறைந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று மூச்சை விட்டாள். மழை கொஞ்சம் தணிந்திருந்தது. அந்த அமைதியில் அவளுக்கு முதல்முறையாகக் கேட்டது. பாத்ரூம் பக்கத்திலிருந்து நடை வழியாக, ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டி எழும் சத்தம். சின்னக் கால்.

கர்சர் நகர்ந்தது.

'புள்ள ரூமாண்ட போவுது.'

நாற்காலி சரிய எழுந்து ஓடினாள். பெட்ரூம் கதவு பாதி திறந்திருந்தது. வாசல்படியிலேயே, இருட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கவிப்பிரியா நின்றிருந்தாள். காலையில் போட்டுவிட்ட அதே மஞ்சள் சட்டை. இரண்டு கையையும் தூக்கினாள்.

ரேணுகா உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். தூளியிலிருந்து குழந்தை தானாக இறங்கியதே கிடையாது, விழுந்திருப்பாளோ என்று கையையும் காலையும் தடவினாள். அடியில்லை. தலைமுடி மட்டும் நனைந்திருந்தது. உடம்பு சில்லென்றிருந்தது. அழவில்லை. முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டது. அந்த வாடை இப்போது மிக அருகில் வந்தது.

கதவைத் திறந்து கீழே போய்விட வேண்டும். கீழ்வீட்டில் ஆள் இருப்பார்கள். செருப்பைத் தேடிக் குனிந்தபோது திரையின் வெளிச்சம் மாறியது. பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்தாள்.

'எறக்கி உடு.'

நின்றாள்.

'உன்ன தான் சொல்றேன். எறக்கி உடு.'

கர்சர் துடித்தது. கீழே அடுத்த வரி விழுந்தது.

'புள்ள தூங்கிகினு கீது.'

"கவி," என்றாள். தோளில் கிடந்தது அசையவில்லை. மூச்சு விடுகிறதா என்று பார்த்தாள். கழுத்தில் காற்றே படவில்லை. இறக்கிவிடப் பார்த்தாள். சிறிய கால்கள் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொண்டன. கழுத்தைக் கட்டியிருந்த கை இறுகியது. இன்னும் இறுகியது.

பெட்ரூமில் தூளி ஆடியது.

"ம்மா..."

தூக்கக் கலக்கத்தில் வரும் அந்தக் குரல். அவளுக்குத் தெரிந்த குரல். பாதி திறந்த கதவு வழியே தூளிப் புடவை விலகுவது தெரிந்தது. மடிப்பு பதிந்த கன்னம். கலைந்த, காய்ந்த முடி. கவிப்பிரியா எட்டிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். விரலை நீட்டினாள்.

"பாப்பா," என்றாள்.

ரேணுகாவின் தோளில் கிடந்த தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.