கலைமதிக்கு இன்னும் இரண்டு தண்ணீர்

இதனால் உலகத்தாருக்கும், குறிப்பாக வடக்குப்பட்டு ஊராருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1991-ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முனிரத்தினம் மகள் கலைமதி சாமி ஆகிவிட்டாள். வயது பத்து. படிப்பது ஐந்தாம் வகுப்பு. வகுத்தல் கணக்கு வராது.

அறிவித்தவர் கோயில் தர்மகர்த்தா தாண்டவராயன். அந்த ஊரில் ஆடு குட்டி போட்டாலும், அவர் வந்து அறிவித்த பிறகுதான் அது குட்டி.

நடந்தது இதுதான். கலைமதிக்குச் சின்னம்மை போட்டது. அவளுக்கு இறங்குவதற்குள் தம்பிக்குப் போட்டது. அம்மை போட்ட வீட்டில் எண்ணெயும் கிடையாது, சீப்பும் கிடையாது. கலைமதிக்குப் பிறவியிலேயே அடர்த்தியான சுருட்டை முடி. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு, ஒரு மாதம் பாயில் புரண்டதில், முடி தானாகவே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது.

அம்மை இறங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை வெளியே போகலாம். கலைமதிக்கு முதல் தண்ணீர் ஊற்றும்போது அவள் அம்மா கிளியம்மாள் கொண்டையை அவிழ்த்தாள். பதினொரு சடைகள் தொங்கின. பத்து, விரல் பருமன். ஒன்று மட்டும் கிணற்றுக் கயிறு பருமன்.

வேலி ஓரமாகப் போய்க்கொண்டிருந்த தாண்டவராயன் அலறினார்.

"நிறுத்தும்மா! கை வெக்காதே! சட எறங்கிகீது! ஆத்தா இங்கியே தங்கிட்டா!"

அதோடு தண்ணீர் நின்றது. சடைமேல் தண்ணீர் படக்கூடாது, சீப்பு படக்கூடாது, கத்தரி பட்டால் குடும்பத்துக்கே கண் போகும் என்று மூன்று சட்டங்களை அவர் அங்கேயே போட்டார். அப்படிக் கண் போன குடும்பம் எது என்று யாரும் கேட்கவில்லை.

தம்பிக்கு மட்டும் மூன்று தண்ணீரும் ஊற்றியாயிற்று. அவன் கோலி விளையாடப் போய்விட்டான்.

கலைமதியை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஊரே வரிசையில் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு சடையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவள் தலையில் ஒரு பிடி விபூதியைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பத்து நாளில் தலை அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. அரித்தது. நாறியது. ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் வலித்தது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் அப்பா, ஷிப்ட் முடிந்து வந்தார்.

"அப்பா, நான் இஸ்கூலுக்குப் போவணும்பா" என்றாள் கலைமதி.

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். "ஹெட்மாஸ்டரைக் கேட்டேன் கண்ணு. மொட்ட அடிச்சாத்தான் உள்ள வுடுவேன்னு சொல்லிட்டாரு. இங்க தாண்டவராயன் இன்னாடான்னா முடியத் தொடாதேன்றாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க ஃபோர்மேனுக்குப் பிரமோஷன் வருமான்னு உன்ன ஒரு வார்த்த கேட்டுனு வரச் சொன்னாரு."

கலைமதி எழுந்து நாற்காலிக்கே திரும்பிப் போனாள். அப்பாவுக்கே இனி அவள் மகள் இல்லை, சாமி.

மறுநாள் சத்யப்பிரியா வந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்காருபவள். கலைமதி நாற்காலியிலிருந்து குதித்து ஓடினாள்.

சத்யப்பிரியா இரண்டடி பின்னால் போனாள். கை இரண்டையும் கூப்பினாள்.

"நல்லா கீறீங்களா?" என்றாள்.

"இன்னாடி, வாங்க போங்கன்ற?"

"அம்மா அப்படித்தான் பேசச் சொல்லிகீது." சத்யப்பிரியா ஒரு வாழைப்பழத்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்று கலைமதி கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். அழுததையும் இரண்டு பேர் பார்த்துவிட்டு, சாமி அழுதால் மழை வரும் என்று சொல்லிப்போனார்கள். இனி எத்தனை வயதானாலும் இந்த நாற்காலிதான் என்று நினைத்தபோது அழவும் தெம்பு இல்லை.

கிணற்றில் கயிறு தொங்கியது. தினமும் பத்து முறை நனைகிறது. வெயிலில் காய்கிறது. நாறவில்லை. மாட்டுக்கொட்டகை மூலையில் ஈரத்தோடு சுருட்டிப் போட்ட பழைய கயிறுதான் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

"நனையறது தப்பே இல்ல. காயாததுதான் தப்பு" என்று கலைமதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சாமி சொன்னால் யார் கேட்பார்கள்? சாமியிடம் கேள்விதான் கேட்பார்கள். பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். மேலத் தெரு மீனம்மாள் மூன்று மாதக் குழந்தையோடு வந்தாள். அந்தத் தடித்த சடையை எடுத்துக் குழந்தையின் முகத்தில் தடவப் போனாள்.

கலைமதி சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்கா! என் தல சுத்தமா இல்ல. ஒரே அரிப்பு. கொயந்தைக்கு ஒட்டிக்கும்."

மீனம்மாளின் முகம் வாடிவிட்டது. தாண்டவராயன் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

"ஆத்தா சோதிக்கிறா! யாரும் பயப்படாதீங்க!"

"ஆத்தா இல்ல பெரிப்பா, நான்தான் பேசறேன்" என்றாள் கலைமதி. "எனக்கு ஒரு தண்ணிதான ஊத்திகீது? இன்னும் ரெண்டு தண்ணி பாக்கி. மூணு ஊத்தறதுதான வழக்கம்? ஊத்த வேணாம்னு ஆத்தாவா சொன்னா? நீங்கதான நிறுத்தினீங்க?"

தாண்டவராயன் விரலை மடக்கித் தண்ணீரை எண்ணினார். ஒரு விரல்தான் மடங்கியது.

பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் மார்பில் கை வைத்தாள். "அய்யய்யோ! அப்ப இந்த வூட்ல இன்னும் அம்ம முடியவே இல்லயா? மூணாந்தண்ணி ஊத்தாத வூட்டுக்கா நாம பதினஞ்சு நாளா புள்ளகுட்டியோட வந்து போய்னு கீறோம்?"

வரிசை கலைந்தது. பதினைந்து நாள் பக்தி, ஒரு நொடியில் தெருக்கோடிக்குப் போய் நின்றது. கிளியம்மாள் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையைப் போட்டு வெயிலில் வைத்தாள்.

மதியம் இரண்டாம் தண்ணீர் ஊற்றினாள். சீயக்காயைக் கரைத்துச் சடை சடையாகத் தேய்த்தாள். துணி பிழிவது போல ஒவ்வொன்றையும் கலைமதியே பிழிந்தாள். தாண்டவராயன் மட்டும் போகவில்லை. "இது தீர்த்தம்!" என்று சொல்லி, பித்தளைச் சொம்பை நீட்டிப் பிடித்தார். சொம்பு நிறைந்தது. உள்ளே பார்த்தார். டீ நிறம். மேலே ஒரு வேப்பங்குச்சியும் இரண்டு பேன்களும் மிதந்தன.

சொம்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, ஒரகடத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் தண்ணீரும் முடிந்தது. கலைமதி வைக்கோல் போரில் சாய்ந்து, பதினொரு சடைகளையும் தனித்தனியாகப் பரப்பி வெயிலில் காயவைத்தாள்.

"வெட்டிடலாமாடி?" என்று கிளியம்மாள் கேட்டாள். கண் போவதைப் பற்றி அவளுக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

கலைமதி ஒரு சடையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்து, கதகதப்பாக இருந்தது.

"வேணாம்மா. இது ஆத்தா முடியும் இல்ல, ஹெட்மாஸ்டர் முடியும் இல்ல. என் முடி. வாரத்துக்கு ஒரு தபா அலசி, நல்லா காய வெச்சுக்கறேன்."

வேர்க்காலில் மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டாள். ஒன்றோடொன்று ஒட்டப் பார்த்த சடைகளை விரலால் பிரித்துவிட்டாள். மறுநாள் அவற்றை இரண்டு பங்காக்கிச் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

வழியில் எல்லாரும் ஒதுங்கினார்கள். மரியாதையா, பயமா என்று தெரியவில்லை. வகுப்பு வாசலில் கலைமதி நின்றுவிட்டாள். சத்யப்பிரியா அவளையே பார்த்தாள். அவள் கை கூப்பிவிடுவாளோ என்று கலைமதி அந்தக் கைகளைக் கவனித்தாள்.

"ஏய், இன்னாடி வாசல்லியே நிக்கற? வா, ஒக்காரு" என்று சத்யப்பிரியா தள்ளி உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியர் கோதண்டராமன் பிரம்போடு வந்தார். சுவரில் அவரே எழுதிய விதி இருந்தது: தலை சுத்தமாக இருக்க வேண்டும், ரிப்பன் கட்டியிருக்க வேண்டும். அவர் கலைமதியின் தலையருகே குனிந்து மோந்து பார்த்தார். சீயக்காய் மணம். ரிப்பனைப் பார்த்தார். இரண்டு. விதியை மறுபடி படித்தார். அதில் மொட்டை என்று எங்கும் இல்லை.

இருமினார். மேசைக்குப் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

"கலைமதி, ஒன்றரை மாசமா ஆப்சென்ட். லீவு லெட்டர் எங்கே?"

"இல்ல சார்."

கலைமதி அன்று முழுவதும் பெஞ்சு மேல் நின்றாள்.