‘ஆறாம் பாத்தி’யின் தொலைந்த சுருள்

பழனி அடிவாரத்தில் கதிர்வேலின் பஞ்சாமிர்தக் கடைக்கு மேல்மாடியில்தான் தேவசேனாவின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. தேவசேனா அவருக்கு அண்ணன் மனைவி. காவல்துறையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், மாடிப்படியில் புதுக் காலடிச் சத்தம் கேட்டுவிட்டால் கதிர்வேல் கல்லாவை மனைவியின் தலையில் கட்டிவிட்டு மேலே ஓடிவிடுவார். மதினி துப்பறிவதைப் பார்ப்பதில் இருந்த ருசி பஞ்சாமிர்தத்தில்கூட இல்லை என்பது அவர் கட்சி.

அன்று படியேறி வந்தவர் கொடைக்கானலுக்கு மேலே கூக்கால் என்ற மலைக்கிராமத்து மணிமேகலை. பூண்டு விவசாயி. வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்ததும் எந்தப் பீடிகையும் இல்லாமல் சொன்னார்.

“எங்கம்மாவ யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா.”

கதிர்வேல் பதறிப்போனார். “எப்பங்க? எங்கேருந்து?”

“டப்பாவுலேருந்துங்க.”

தேவசேனா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது.

மணிமேகலை தவழும் வயதில் இருந்தபோதே தாய் சின்னத்தாயி காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. ஆனால் அவர் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, இயக்குநர் குமரகுரு ‘ஆறாம் பாத்தி’ என்ற படத்தை எடுக்கக் கூக்காலுக்கு வந்திருந்தார். பூண்டு பறிக்கும் பெண்களோடு சின்னத்தாயியும் அதில் நடித்தார். இயக்குநர் உடம்பு முடியாமல் பாதியில் மலையிறங்கினார், கடைசிக் காட்சியை எடுக்காமலே காலமானார், படம் முடியவில்லை. உலகத்துக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

அந்த முடியாத படத்தைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. பார்த்த படங்களை விட்டுவிட்டு, பார்க்காத படத்துக்காக வருடம் தவறாமல் கொடைக்கானலில் கூடுகிறவர்கள். இந்த வருடம் அவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் முன்பு குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது ஒரு பிலிம் டப்பா கிடைத்தது. மேலே ‘கூக்கால் பெண்கள்’ என்று எழுதியிருந்தது. எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று மணிமேகலையையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“நேத்து வெள்ளனே குளிச்சு, புதுச்சேல கட்டிட்டுப் போனேங்க. தொறந்தா டப்பா காலியாக் கெடக்கு. போலீசுல கேட்டா, பழைய பிலிம்தானேம்மா, விடுங்கங்கறாங்க. எங்கம்மா மொகம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதும்மா. ஒரே ஒருக்காப் பாத்துட்டாப் போதும்.”

அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று கதிர்வேலுக்குத் தோன்றியது. அவர் சட்டென்று எழுந்து கார் சாவியை எடுத்தார்.

“எங்க தம்பி?” என்றார் தேவசேனா.

“கொடைக்கானலுக்குத்தான் மதினி.”

“கடை?”

“கடை எங்க போயிடப் போகுது?”

மணிமேகலையையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வடகவுஞ்சி தாண்டும்போதே மேகம் சாலையில் இறங்கிவிட்டது. ரசிகர்கள் தங்கியிருந்த ஹோம்ஸ்டே ஏரிக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. அதன் சொந்தக்காரர் பிரசாந்தே ஒரு ரசிகர்தான். பழைய படங்களைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர். இரண்டாமவர் ரம்யா, பழைய பிலிம்களைச் சீராக்கிக் கணினியில் ஏற்றும் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர். மூன்றாமவர் சங்கத் தலைவர் திருமலைச்சாமி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். மற்றவர்கள் டப்பாவைத் திறந்த நாள் காலையில்தான் வந்து சேர்ந்தார்கள் என்பதால், அதற்கு முதல்நாளே வந்து டப்பாவோடு வீட்டில் இருந்தவர்கள் இந்த மூவர் மட்டுமே. டப்பா கூடத்து அலமாரியில் இருந்தது. பூட்டு கிடையாது.

“உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?” என்று தேவசேனா ரம்யாவைக் கேட்டார்.

“யாருமே பாக்கல மேடம். மூடியைக் கொஞ்சம் தூக்கினதும் வினிகர் வாசம் குப்புன்னு வந்துச்சு. பழைய பிலிம் கெட ஆரம்பிச்சா அப்படித்தான் அடிக்கும். இனி ரொம்ப நாள் தாங்காது, ஸ்கேன் பண்ணும்போது தொட்டாப் போதும்னு மூடிட்டேன். அது நெகட்டிவ் இல்ல, எடுத்ததைத் திரையில போட்டுப் பாக்கற ரஷ் பிரிண்ட்னு மட்டும் தெரிஞ்சுது.”

“தம்பி, ரூமெல்லாம் ஒரு சுத்து பாத்துட்டு வாங்க.”

கதிர்வேல் மூன்று அறைகளிலும் தலையை நீட்டினார். பிரசாந்தின் அறை முழுக்கக் கேமராவும் விளக்கும். ‘இவன்தான், சந்தேகமே இல்லை’ என்று அவருக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. ரம்யாவின் அறையில் அவருடைய இயந்திரம் போர்த்தி வைத்திருந்தது. பேராசிரியர் அறையில் புளித்த வாடை அடித்தது.

“வீட்டு எலுமிச்சை ஊறுகாய்ங்க. வழியில கொட்டிருச்சு” என்று திருமலைச்சாமி சிரித்தார். மப்ளரைக் காதோடு சுற்றியிருந்த பெரிய மனிதர் ஊறுகாயைச் சுமந்துகொண்டு மலையேறியிருக்கிறாரே என்று கதிர்வேலுக்கு அவர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. திரும்பி வந்து மதினியிடமும் அதைச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டில் பேச்செல்லாம் குமரகுருவைப் பற்றித்தான். கடைசிக் காட்சி என்னவாக இருந்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கதாநாயகி மலையை விட்டுப் போயிருப்பாள் என்றார் பிரசாந்த். போயிருக்கவே மாட்டாள் என்றார் ரம்யா. திருமலைச்சாமி அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். ஆனாலும் அன்று வாதாடவில்லை. ஊறுகாய்த் தட்டைக் கதிர்வேல் நீட்டியபோது, “வேணாங்க, வயித்துப்புண். பல வருசமாத் தயிர்ச்சோறுதான்” என்றார்.

“கூக்கால்ல எந்த இடத்துல எடுத்தாங்க?” என்று தேவசேனா பொதுவாகக் கேட்டார்.

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. “ஏரிக்கரையில. அவர் பூசணிக்காய் உடைச்சது அந்தக் கரையிலதான். அதுக்கப்புறம் அந்த அமைதியை யாரும் படம் எடுக்கல. என்ன மனுசன்!”

கதிர்வேலும் “என்ன மனுசன்!” என்று உருகினார். தேவசேனா மோரைக் குடித்து முடித்துவிட்டு, எல்லாரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார். மணிமேகலை கதவோரம் நின்றுகொண்டார்.

“மதினி, பிரசாந்த்தானே?” என்று கதிர்வேல் காதில் கிசுகிசுத்தார்.

“அவர் இல்ல தம்பி” என்று தேவசேனா உரக்கவே சொன்னார். பிரசாந்த் திடுக்கிட்டுப் பார்க்க, கதிர்வேலுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அந்தச் சுருளைக் காட்டினாத்தான் பிரசாந்துக்குப் பேரு. ஸ்கேன் பண்ணினாத்தான் ரம்யாவுக்குச் சோலி. ரெண்டு பேருக்கும் அது வெளிய வரணும். ஒளிச்சவருக்கு அது வெளிய வரக் கூடாது. அப்போ, அதுல என்ன இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். யாருமே பாக்காத சுருள்ல என்ன இருக்குன்னு ஒருத்தருக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

பிரசாந்தும் ரம்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தம்பி, நீங்க சினிமாப் பைத்தியம். ஷூட்டிங்ல பூசணிக்காய் எப்ப உடைப்பாங்க?”

“கடைசி நாள், எல்லாக் காட்சியும் எடுத்து முடிச்சதும் மதினி. பூசணிக்காய் உடைச்சாச்சுன்னாலே படம் முடிஞ்சுதுன்னு...” கதிர்வேல் வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டார். சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல் காது வழியாகப் போனதை அவர் கவனிக்கவே இல்லை. யாருமே கவனிக்கவில்லை. கூடியிருந்த எல்லாரும் சினிமாவை மூச்சாக விடுகிறவர்கள். அவர்களுக்கு அது தினசரிப் பேச்சு.

“முடியாத படம்னு புத்தகமே எழுதினவர், குமரகுரு பூசணிக்காய் உடைச்சார்னு சொல்ல மாட்டார். கண்ணால பாத்திருந்தாத்தான் அது வாய்ல வரும்” என்றார் தேவசேனா. “அதோட, ஊறுகாயைத் தொடாதவர் ரூம்ல, ரம்யா சொன்ன வினிகர் மாதிரியே ஒரு புளிப்பு வாடை. எலுமிச்சை ஊறுகாய்க்கு நம்ம பக்கம் யாரு வினிகர் ஊத்தறா? ஐயா, ரொம்ப சுத்தி வளைக்க வேணாம். சுருள் ஒங்க ரூம்லதானே?”

திருமலைச்சாமி மறுக்கவில்லை. எழுந்து போய், கம்பளித் துணியில் சுற்றிய சுருளைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்தார்.

“எடுத்த ராத்திரியே லென்சு வெச்சு விளக்குல பாத்துட்டேன். சுருளோட வால் பக்கத்துல அவரே பூசணிக்காயை உடைக்கறார். எல்லாரும் கை தட்டறாங்க.” அவர் குரல் உடைந்தது. “முடிச்சிருக்கார். முழுசா முடிச்சிருக்கார். மிச்சச் சுருளெல்லாம் எங்கயோ தொலைஞ்சிருக்கு. முப்பது வருசமா அந்த முடிவை நான்தான் நெனச்சு நெனச்சுப் பாத்துட்டிருந்தேன். அது வராத வரைக்கும் அவர் இன்னும் எனக்காக எடுத்துட்டே இருக்கற மாதிரி ஒரு எண்ணம். இது வெளிய வந்தா அவர் செத்துப்போயிருவார். எரிச்சிரலாம்னும் பாத்தேன். கை வரல.”

அந்த ஏக்கம் அங்கிருந்த எல்லாருக்குள்ளும் இருந்தது.

மணிமேகலை கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார். “ஒங்களுக்கு முடிவு வேணாம் ஐயா, சரி. எனக்கு ஆரம்பமே தெரியாதுங்களே.”

பேராசிரியர் அந்தப் பெண்ணை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சுருளை ரம்யாவின் கையில் கொடுத்துவிட்டு, லென்சை மணிமேகலையின் கையில் வைத்தார்.

ரம்யா வெள்ளை விளக்குப் பலகையின் மேல் ஒரு முழ நீளத்துக்குப் பிலிமை விரித்தார். கறுப்பு வெள்ளையில், பூண்டுப் பாத்தியில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அப்போதுதான் கதிர்வேலுக்குச் சுருக்கென்றது. இவர்களில் யார் சின்னத்தாயி? பேராசிரியருக்குத் தெரியாது. சின்னத்தாயியை அறிந்தவர்கள் யாரும் ஊரில் மிச்சமில்லை. மணிமேகலையோ தாயின் முகம் அறியாதவர். அவர் லென்சை ஒவ்வொரு முகமாக நகர்த்தினார். முதல் முகம், இரண்டாவது முகம். ஐந்தாவதில் கை நின்றது.

“எம்மவ” என்றார். “அப்படியே எம்மவ மொகங்க இது.”

நெடுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. ஆனால் குரலில் பிள்ளை பெற்றவளின் கோபம் இருந்தது.

“எங்கம்மா எம்மவள விடச் சின்னப் பிள்ளைங்க. கூக்கால் குளுருல சேலைக்கு மேல ஒண்ணுமில்லாம நிக்குது பாருங்க. படம் எடுக்க அத்தன பேர் வந்தீங்களே, எம்பிள்ளைக்கு ஒரு போர்வ குடுத்திருக்கக் கூடாதா?”