பெட்டிக்குள் ஒரு குதிரையின் மணிக்கட்டு

மணி மாமா போலந்திலிருந்து வந்தபோது அவருடைய பெட்டிக்குள் ஒரு குதிரையின் மணிக்கட்டு இருந்தது.

விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரிதான் அதை முதலில் பார்த்தார். "இது என்ன?" என்று கேட்டார்.

"வீட்டுப்பாடம்" என்றார் மாமா.

அதிகாரி மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெட்டியை மூடிவிட்டார்.

கமலினியின் அம்மா அலமு அப்படி விடவில்லை. மணிவாசகம் அவளுடைய ஒரே தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறேன் என்று போலந்துக்குப் போனவர், முதல் முறையாக மொன்ட்ரியாலுக்கு லீவில் வந்திருக்கிறார். அக்காவுக்கு ஒரு மணி மாலை, அத்தானுக்கு ஒரு மரப் பெட்டி, கமலினிக்கு ஒரு பொம்மை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அடியில் ஒரு துணிப் பை இருந்தது.

"இது என்னடா? அந்த ஊரு மிட்டாயா?" என்று கேட்டபடி அம்மா பையைக் கவிழ்த்தாள்.

ஏழு எலும்புகள் பாயில் உருண்டன.

அம்மா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

"அக்கா, அக்கா, பயப்படாதே. குதிரையோட மணிக்கட்டுதான்" என்றார் மாமா. "முன்னங்கால் நடுவுல மடங்குதே, நாம முட்டின்னு சொல்றோம். உண்மையில அது அதோட மணிக்கட்டு."

"எந்தக் கட்டா இருந்தா எனக்கென்னடா! சாமி அலமாரி இருக்கற வீடு. முட்டைகூட வாசப்படி தாண்டினதில்ல!"

"கொதிக்க வெச்சு, கழுவி, காய வெச்சு, எத்தனையோ வருஷமாச்சு அக்கா."

"காவேரியில முக்கி எடுத்தாலும் சரி. பால்கனியிலதான் இருக்கணும்."

அதனால் குதிரையின் மணிக்கட்டு பின்பக்கப் பால்கனியில் குடியேறியது.

* * *

கமலினிக்குப் பத்து வயது. மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு வைத்த வீட்டில், மாடியில் இருந்தார்கள். அப்பா சுந்தரராஜன் இன்ஜினியர். 1974ஆம் வருஷ ஆகஸ்ட் மாதம் அது. வீட்டுக்குள் உட்கார முடியாத வெயில். மாமாவும் கமலினியும் பால்கனியிலேயே இருந்தார்கள்.

"மாமா, போலந்துல எப்படி இருப்பீங்க?"

"ஒரு ரூம்ல நாலு பேர். ஃபிரிட்ஜ் கிடையாது. பனிக்காலத்துல பாலையும் வெண்ணெயையும் ஒரு வலைப் பையில போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்க விட்டுருவோம். காக்கா பாதி தின்னும், நாங்க பாதி."

"சாப்பாடு?"

"பீட்ரூட் சூப். முதல் நாள் ரசம்னு நெனச்சு சோறு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் பழிக்குப் பழியா என் ரூம்மேட்டுக்கு மாங்கா ஊறுகாயைக் காட்டி, ஜாம்னு சொன்னேன். ரொட்டியில தடவித் தின்னான். கண்ணுல தண்ணியாக் கொட்டுச்சு. அப்புறம் இன்னும் கொஞ்சம் கேட்டான். ஒரே வாரத்துல பாட்டில் காலி."

கமலினி சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. எலும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க பரீட்சை எழுதறது கம்மி. வாயால சொல்லணும். புரொபசர் எதிர்ல உக்காந்திருப்பார். மேஜை மேல ஒரு பை. உள்ள கைய விட்டு எலும்பைத் தடவிப் பார்த்து, என்ன மிருகம், என்ன எலும்பு, வலதா இடதான்னு போலிஷ் பாஷையில சொல்லணும். ஜூன்ல கைய விட்டேன். எலும்பு தெரிஞ்சுது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். 'வணக்கம்'னேன்."

"அப்புறம்?"

"'வணக்கம், இது என்ன எலும்பு?'ன்னார். மறுபடியும் 'வணக்கம்'னேன்."

கமலினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"செப்டம்பர்ல இன்னொரு தடவை கூப்பிடுவாங்க. அதுலயும் போச்சுன்னா ஸ்காலர்ஷிப் போயிரும். ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த எலும்புங்க காலேஜோடது. ஏழையும் திருப்பிக் கொடுத்தாத்தான் பரீட்சைக்கே உள்ள விடுவாங்க."

மாமா வட்டமாகவும் தட்டையாகவும் இருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதுக்குப் பேரு பட்டாணி எலும்பு. மனுஷனுக்குப் பட்டாணி அளவுதான். குதிரைக்குப் பார், எவ்ளோ பெருசு!"

* * *

சனிக்கிழமை அம்மா தட்டை சுட்டாள். சமையலறை கொதித்ததால், எண்ணெய் வடியட்டும் என்று பேப்பரில் பரப்பிப் பால்கனி நாற்காலியில் வைத்தாள். மாமா அன்றைக்குத்தான் எலும்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவரும் ஒரு பேப்பரில் பரப்பி, முக்காலியில் காய வைத்திருந்தார். அம்மா முறைத்தாள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பூந்தொட்டிகளை நகர்த்தி வைத்தாள்.

"இதுதான் எல்லை. தாண்டக் கூடாது" என்றாள்.

சாயங்காலம் மாமா எலும்புகளை எடுக்கப் போனார். உடனே அலறல் கேட்டது.

"ஆறுதான் இருக்கு! பட்டாணி எலும்பைக் காணோம்!"

எல்லோரும் தேடினார்கள். தொட்டிக்குள், துடைப்பத்துக்கு அடியில், மாமாவின் சட்டைப் பையில்.

"நான் அதைக் குச்சியாலகூடத் தொட மாட்டேன்" என்றாள் அம்மா.

"காத்துல பறந்திருக்குமோ?" என்றார் அப்பா.

"அத்தான், அது எலும்பு. பட்டம் இல்ல."

மாமா தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கக் கமலினிக்குப் பாவமாக இருந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். அப்பா தயிர்சோற்றைக் குழைத்துக் குழைத்து, இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். தட்டையைத் தொடவே இல்லை. அம்மா தட்டை சுட்டால் பாதி டப்பாவை அப்பாதான் காலி பண்ணுவார். அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் இல்லை. காலையில் அவரே அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றும் இருந்தது. கீழ்வீட்டு நாய் சாயங்காலத்திலிருந்து ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

அம்மா பாத்திரம் கழுவும்போது கமலினி அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, தட்டை எப்படி இருந்தது?"

அப்பா சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாகிட்ட சொல்லாதே. ஒண்ணு எடுத்துக் கடிச்சேன். கல்லு! பல்லே ஆடிப் போச்சு. உப்பும் இல்ல, காரமும் இல்ல. பாவம், இந்த வெயில்ல நின்னு சுட்டிருக்கா. மிச்சம் வெச்சா வருத்தப்படுவாளேன்னு மேலேர்ந்து அந்த நாய்க்குப் போட்டுட்டேன்."

கமலினி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அப்பா பிறந்ததிலிருந்து சைவம். கல்யாண வீட்டில் கரண்டி மாறிவிட்டால்கூடச் சாப்பிட மாட்டார்.

"நல்ல காரியம் பண்ணீங்கப்பா" என்றாள்.

* * *

மறுநாள் காலையில் அவள் மாமாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மறு கையில் ஒரு டப்பா.

"எலும்பு கீழ இருக்கு மாமா. அந்த நாய் பொஞ்செக்கிட்ட."

"அது எப்படி அங்க போச்சு?"

"மேலேர்ந்து விழுந்துடுச்சு." அது பொய் இல்லை என்று கமலினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாமா பாதிப் படியில் நின்றுவிட்டார். கீழே இருப்பது வீட்டுக்காரம்மா பானி ஹலினா. 'பானி' என்றால் போலிஷ் பாஷையில் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. நெட்டையான உருவம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. மாடியில் யாராவது ஓடினால் கீழேயிருந்து துடைப்பத்தால் கூரையை இடிப்பாள். மாமா வந்த நாளிலிருந்து அவள் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருந்தார்.

"கமலி, அந்த அம்மா அச்சு அசலா என் புரொபசர் மாதிரியே இருக்கா. மூக்குகூட அதே மூக்கு."

"வாங்க மாமா."

கதவு திறந்தது. பானி ஹலினா இருவரையும் பார்த்தாள். மாமா போலந்திலிருந்து வந்தவர் என்று அவளுக்குத் தெரியும். போலிஷில் ஏதோ கேட்டாள்.

"வணக்கம்" என்றார் மாமா போலிஷில்.

அவள் மறுபடியும் கேட்டாள்.

"வணக்கம்" என்றார் மாமா.

கமலினி பெருமூச்சு விட்டாள். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில், "போன்ஜூர் மேடம், உங்க நாய்கிட்ட எங்க எலும்பு ஒண்ணு இருக்கு" என்றாள்.

நாய் சோபாவுக்கு அடியில் இருந்தது. நீள உடம்பு, குட்டைக் கால், உருண்டை வயிறு. பொஞ்செக் என்றால் அவர்கள் ஊர் இனிப்புப் பணியாரம். பேருக்கேற்ற நாய். முன்னங்கால்களுக்கு நடுவில் பட்டாணி எலும்பு பத்திரமாக இருந்தது. பானி ஹலினா கையை நீட்டினாள். 'உர்ர்' என்றது.

"மாமா, நீங்க டாக்டராச்சே. வாங்குங்களேன்."

"நான் இப்ப ரெண்டாம் வருஷம். நாய் நாலாம் வருஷத்துலதான் வருது" என்று கதவுக்குப் பின்னாலிருந்து மாமா சொன்னார்.

கமலினி யோசித்தாள். கேட்டால் கொடுக்காது. பிடுங்கினால் கடிக்கும். அவளும் அப்படித்தான். ஆனால் பக்கத்தில் யாராவது ருசித்துச் சாப்பிட்டால்?

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டப்பாவிலிருந்து ஒரு தட்டையை எடுத்தாள். நாயைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே பெரிதாகக் கடித்தாள்.

கறுக்!

உர்ர் நின்றது.

கறுக், மொறுக்!

சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு வந்தது. கமலினி இரண்டாவது தட்டையை எடுத்தாள். மூக்குக்குப் பின்னால் இரண்டு காதுகள் வந்தன. மூன்றாவது தட்டையைத் தரையில் வைத்தாள். பொஞ்செக் எலும்பை விட்டுவிட்டு ஓடி வந்தது.

பானி ஹலினா குனிந்து எலும்பை எடுத்தாள். கையை மூடிக்கொண்டாள். மாமாவைக் கூர்மையாகப் பார்த்து, போலிஷில் கேட்டாள். கமலினிக்குப் பாஷை தெரியாது. ஆனால், "இது என்ன?" என்றுதான் கேட்கிறாள் என்று தெரிந்தது.

மாமாவின் உதடு 'வணக்க' வரைக்கும் போனது.

"மாமா! கண்ணை மூடுங்க!"

"எதுக்கு?"

"மூடிட்டுக் கைய நீட்டுங்க. எலும்புதான் உங்களுக்குத் தெரியுமே. முகத்தைப் பார்த்தாத்தானே பயம்? பார்க்காதீங்க."

மாமா கண்ணை இறுக்கி மூடினார். கையை நீட்டினார். ஈரமாக, நாய் எச்சிலோடு, எலும்பு கைக்குள் வந்து விழுந்தது. விரல்கள் ஒரு சுற்றுச் சுற்றின.

பிறகு போலிஷ் கொட்டியது! குதிரை, முன்னங்கால், வலது பக்கம், பட்டாணி எலும்பு, எதோடு ஒட்டும், எந்தத் தசை பிடிக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னார்.

கண்ணைத் திறந்தபோது பானி ஹலினா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டை அவள் வாயில் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவளே புரொபசர். ஒரு தலையணை உறைக்குள் எலும்புகளைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். மாமா கண்ணை மூடிச் சொல்வார். போகப் போக ஒரு கண்ணைத் திறந்தார். லீவு முடிவதற்குள் இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. அவளுக்கு ஃபீஸ் ஒரு டப்பா தட்டை.

ஒருநாள் மாமா பட்டாணி எலும்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கீறல் நாய்ப் பல்லு. சரி. ஆனா இந்த இன்னொண்ணு தட்டையா இருக்கே? இது நாய்ப் பல்லு இல்ல. பார்த்தா மனுஷப் பல்லு மாதிரி..."

"மாமா, மனுஷன் உங்க பாடத்துல எந்த வருஷம் வருது?" என்றாள் கமலினி.

"மனுஷன் வரவே மாட்டானே."

"அப்ப விட்டுடுங்க."

செப்டம்பர் கடைசியில் போலந்திலிருந்து தந்தி வந்தது. 'பாஸ். ஒரு வணக்கம் மட்டும் சொன்னேன்' என்று இருந்தது. அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே வாணலியை அடுப்பில் வைத்து, ஒரு டப்பா நிறையத் தட்டை சுட்டாள்.

அப்பா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். பயந்து பயந்து ஓரத்தில் கடித்தார். முகம் மலர்ந்தது.

"அலமு! இந்தத் தடவை பிரமாதம்!"

"போன தடவையும் இதே மாவு, இதே கைதாங்க."

"இல்ல இல்ல. போன தடவை கொஞ்சம் கெட்டி. சொன்னா வருத்தப்படுவியேன்னு நான்தான் சொல்லல. கமலினியைக் கேட்டுப் பார்."

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள்.

கமலினி அவசரமாக ஒரு முழுத் தட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, பதில் சொல்ல முடியாதபடி மெல்ல ஆரம்பித்தாள்.