எல்லை அடித்த மறுநாள்

எங்கள் நெதர் விட்லோவில் எல்லை அடிப்பது என்றால் பெரிய கூத்து. ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளன்று பாதிரியார் முன்னே போக, ஊரே வில்லோ மரக் கழிகளோடு எல்லையைச் சுற்றி வந்து, வழியில் உள்ள எல்லைக்கற்களை அடிக்கும். முடிவில் ஆளுக்கொரு பன்னும் இஞ்சி பியரும் கிடைக்கும். பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள், நானும்தான்.

எல்லைக்கோடு ஹெஸ்டர் வீட்டுச் சமையலறை வழியாகப் போகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் பக்கத்து ஊரான மேல் விட்லோக்காரர்கள் அந்த இடம்வரை வந்து, உள்ளே விடச் சொல்லிக் கதறினார்களாம். எங்கள் முன்னோர் கழியை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். வந்தவர்கள் அங்கேயே செத்தார்கள். வீடு பிற்பாடு வந்தது, எல்லைக்கல் அதன் அடுப்படிக்குள் அகப்பட்டுக்கொண்டது. அதனால் பின்வாசலில் நுழைந்து, அடுப்படிக் கல்லை அடித்துவிட்டு, முன்வாசல் வழியாக ஊருக்குள் வருவது வழக்கம்.

இந்த மே மாதம் ஹெஸ்டர் வேண்டாம் என்றாள். புதிதாக வந்தவள், என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவர் லயனல் பக்கவாதம் வந்து, சமையலறையை ஒட்டிய அறையில் படுத்துக் கிடந்தார். சத்தம் கேட்டாலே அவருக்கு மூச்சு முட்டும். அவரை விட்டால் அவளுக்கு யாருமில்லை. கோயில் காரியங்களைப் பார்க்கும் பெர்ஸி முணுமுணுத்தார். பாதிரியார்தான், தோட்டத்தைச் சுற்றிப் போனால் கடவுள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றார். சுற்றிப் போனோம். அடுப்படிக் கல்லை யாரும் அடிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஹெஸ்டர் என்னைக் கூப்பிட வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

வீட்டுக்குள் ஈரமண் வாடை. பின்வாசலிலிருந்து லயனலின் கட்டில்வரை சேற்றுத் தடங்கள். எல்லாம் வெறுங்கால்கள். பெரியவை, சிறியவை, குழந்தையினுடையவை. எல்லாம் உள்ளே வந்தவை.

வெளியே போனது ஒன்றுகூட இல்லை.

லயனல் இமைக்காமல் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெறைய பேரு," என்றார் மெதுவாக. "குளிருதாம். பக்கத்துல படுத்துக்கட்டுமான்னு கேக்குறாங்க."

அவர் கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. டாக்டர் வந்தார், ஒன்றுமில்லை என்றார், போனார். விடிந்தபோது லயனலின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஹெஸ்டர் பெர்ஸியின் காலில் விழாத குறை.

"உங்க வழக்கப்படியே செஞ்சிடுங்க. எவ்வளவு சத்தம் வேணா போடுங்க. அவரு பொழச்சா போதும்."

நல்ல வெயில் அடித்த மதியம். பாதிரியார், பெர்ஸி, நான், இன்னும் சிலர் பின்வாசலில் நுழைந்தோம். சமையலறையில் எங்கள் வாயிலிருந்து மார்கழிக் குளிரில் வருவதுபோலப் புகை வந்தது. என் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். கல்லை அடித்தோம். திரும்பிப் பார்க்காமல் முன்வாசல் வழியாக வந்துவிட்டோம்.

உள்ளேயிருந்து ஹெஸ்டரின் ஓலம் கேட்டது.

லயனல் செத்திருந்தார். கட்டிலிலிருந்து முன்வாசல்வரை புதுத் தடங்கள், எங்கள் பூட்ஸ் தடங்களின் மேலேயே பதிந்திருந்தன. ஒரு ஜோடித் தடத்தில் ஒரு கால் மட்டும் இழுபட்டிருந்தது.

தடங்கள் ஊர்ப்பக்கம் போயின.

பெர்ஸி கழியைக் கீழே போட்டார். "வரவிடாம இருக்கத்தான் இத்தன காலமா அடிச்சோம்," என்று கிசுகிசுத்தார். "இப்ப நாமளே வழி காட்டிக் கூட்டிட்டு வந்துட்டோம்."

ஹெஸ்டரை என் வீட்டுக்கு அழைத்து வந்து தாழிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. வாசலில் பூட்ஸ் சேறு வழிக்கும் இரும்புப் பட்டையில் சத்தம் கேட்டது.

யாரோ கால் துடைத்தார்கள்.

பிறகு இன்னொருவர்.

அவசரமே இல்லை. விருந்துக்கு வந்தவர்கள்போல் பொறுமையாகத் துடைத்தார்கள். அப்புறம் ஒரு கால் கல்லில் இழுபட்டு வந்து வாசலில் நின்றது.

ஹெஸ்டர் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயமே இல்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது.

"அவர மட்டும் உள்ள விட்டுரலாம்," என்றாள்.

என் கையை உதறிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள்.