கோட்டைத் தாண்டிய சிவப்பு

துருதுருவுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் போனாள், திரும்பினாள். தண்ணீர் குடித்தாள். ஐந்தாவது நிமிடம் மறுபடியும் குடித்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். பெயரே அதனால்தான் வந்தது. ஆனால் இன்று காரணம் வேறு. தம்பியின் இடது கால்.

தம்பிக்கு ஐந்து வயது. எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பதால் அவனுக்குச் சுண்டெலி என்று பெயர்.

நேற்று மாலை நடந்தது இது. பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காகத் துருதுரு களிமண்ணில் ஒரு பெருவிழுங்கி செய்துகொண்டிருந்தாள். மேக்ரோபேஜ் என்று அறிவியல் டீச்சர் சொன்னாரே, அதேதான். நம் உடம்புக்குள் ரோந்து சுற்றும் குட்டி செல். கிருமியைக் கண்டால் கைகளை நீட்டி வளைத்துப் பிடித்து, அப்படியே விழுங்கிவிடும். பாடம் நடத்திய நாளிலிருந்து துருதுருவுக்கு அதன்மேல் ஒரே பைத்தியம்.

களிமண் பெருவிழுங்கிக்குக் கைகள் வேண்டும். சுருள் சுருளான மரச்சீவல் கிடைத்தால் பிரமாதமாக இருக்கும். அப்பா தச்சர். பட்டறை கீழ்த்தளத்தில்தான் இருந்தது. அங்கே சீவலுக்கு என்ன பஞ்சம்? ஆனால் செருப்பு இல்லாமல் யாரும் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

"சுண்டெலி, ஓடிப்போய் ஒரு கை சீவல் அள்ளிட்டு வா!"

"செருப்பு எங்கக்கா?"

"அதைத் தேடிக்கிட்டிருந்தா விடிஞ்சுடும். சும்மா ஓடு!"

ஓடினான். வரும்போது நொண்டிக்கொண்டு வந்தான். உள்ளங்காலில் மரச்சிராய் ஏறியிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைத் துருதுரு பிடித்து இழுத்தாள். பாதிதான் வந்தது. மீதி உள்ளேயே முறிந்துவிட்டது.

"அப்பாகிட்ட சொல்லலாமா?" என்றான் சுண்டெலி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

சொன்னால் யாருக்குத் திட்டு விழும் என்று துருதுருவுக்குத் தெரியாதா?

"வேணாம்டா. உன் உடம்புக்குள்ள பெருவிழுங்கி ஏகப்பட்டது இருக்கு. மீதியை அது தின்னுடும்."

"மரத்தையா?"

"எதை வேணாலும் தின்னும்."

சுண்டெலி நம்பிவிட்டான். அக்கா சொன்னால் அவனுக்கு அப்பீலே கிடையாது.

பள்ளி விடுமுறையான இன்று காலை பார்த்தால், கால் வீங்கியிருந்தது. காயத்தைச் சுற்றி ஒரு நாணயம் அளவுக்குச் சிவப்பு.

"உள்ள சண்டை நடக்குது" என்று அவள் விளக்கினாள். "பெருவிழுங்கி முதல்ல போய் நின்னுக்கிட்டு மத்த செல்லையெல்லாம் கூப்பிடும். அங்க ரத்தம் நிறைய பாயும். அதான் சிவப்பு, சூடு, வீக்கம். எல்லாம் நல்லதுக்குத்தான்."

"நல்லதுன்னா ஏன்க்கா வலிக்குது?"

முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது. சண்டையில் யார் ஜெயிக்கிறார்கள் என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

அப்பா செய்யும் ஒரு காரியம் ஞாபகம் வந்தது. பலகையில் விரிசல் இருந்தால், அது முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். சில நாள் கழித்துப் பார்ப்பார். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்தப் பலகையை அப்படியே விடமாட்டார்.

துருதுரு நீலப் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்திலேயே சுற்றிக் கோடு போட்டாள்.

"ஐயோ, கூசுது!" என்று நெளிந்தான் சுண்டெலி.

பத்து மணிக்குப் பார்த்தாள். சிவப்பு கோட்டுக்குள்ளேயே இருந்தது. பத்தேகாலுக்குப் பார்த்தாள். பத்தரைக்கும் பார்த்தாள். "என் காலை என்கிட்டயே விடேன்!" என்று அவன் கத்தினான்.

பன்னிரண்டு மணிக்குச் சிவப்பு ஒரு பக்கமாகக் கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரு விரல் அகலத்துக்குக் கணுக்காலை நோக்கிப் போயிருந்தது. பிஸ்கட்டை நீட்டினாள். சுண்டெலி வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டான். நெற்றியைத் தொட்டாள். சுட்டது.

தம்பி தானாகவே பட்டறைக்குப் போனான் என்று சொல்லிவிட்டால் என்ன? அப்படி நினைத்ததுமே அவளுக்கு வெட்கமாக இருந்தது. படியில் தடதடவென்று இறங்கினாள். பட்டறை வாசலில் சட்டென்று நின்றாள். மறுபடி மேலே ஓடிச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா! தம்பி கால்ல சிராய். நேத்தே ஏறிடுச்சு. செருப்பில்லாம அனுப்பினது நான்தான். சொல்ல வேணாம்னதும் நான்தான். சுத்தி கோடு போட்டு வெச்சேன், சிவப்பு தாண்டிடுச்சுப்பா!"

அப்பா பலகை சீவிக்கொண்டிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தார். திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. சுண்டெலியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் நடக்க, அவள் பின்னாலேயே ஓடினாள்.

டாக்டர் அம்மா காலைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தான்" என்றாள் துருதுரு, பாதிக் குரலில்.

"எத்தனை மணிக்கு?"

"எட்டரைக்கு."

"நாங்களும் இப்படித்தான் கோடு போட்டுப் பார்ப்போம். எவ்வளவு வேகமாப் பரவுதுன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு. நல்லவேளை, இன்னிக்கே கொண்டு வந்தீங்க. நாளைக்குன்னா ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டியிருந்திருக்கும்."

மரத்துப்போக ஊசி போட்டு, சிராயை வெளியே எடுத்தார். நகம் நீளத்துக்கு இருந்தது.

துருதுருவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "பெருவிழுங்கி ஏன் டாக்டர் இதைத் தின்னல?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிருமின்னா முழுங்கும். இவ்வளவு பெரிய கட்டையை எப்படி முழுங்கும்? சுத்தி நின்னு ஆள் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கும், பாவம். வீக்கம் ஏறினதுதான் மிச்சம். கிருமிக்கோ ஒளிஞ்சுக்க வசதியான இடம். இப்ப கட்டை வெளிய வந்தாச்சு. மருந்தும் கூட நிக்கும். சண்டை முடிஞ்சதும் அதே பெருவிழுங்கிதான் குப்பையெல்லாம் கூட்டி, மத்தவங்களை அமைதிப்படுத்தும்."

திரும்பி வரும்போதும் அப்பா திட்டவே இல்லை. இரண்டு தெரு தாண்டும்வரை துருதுரு பொறுத்துப் பார்த்தாள்.

"திட்டிடுங்கப்பா. இப்படிச் சும்மா வந்தா எனக்கு என்னவோ பண்ணுது."

"திட்டத்தான் போறேன். முதல்ல இவன் கால் ஆறட்டும்."

மூன்று நாள் மருந்து கொடுத்ததில் சிவப்பு கோட்டுக்குள் சுருங்கி, வெளுத்து, காணாமலே போனது. நான்காம் நாள் காலை கீழேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"சுண்டெலி! கால் ஆறிடுச்சா?"

சுண்டெலி கட்டிலில் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். தொப்பென்று உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் ஆறலப்பா! ரொம்ப வலிக்குது!" என்று கத்தினான்.

துருதுரு அவன் தலையைக் கலைத்துவிட்டாள்.

"பொய் சொல்றான்ப்பா, நல்லா ஆறிடுச்சு!" என்று சொல்லிக்கொண்டே, திட்டு வாங்கப் படியிறங்கினாள்.